பி பூஜ்யம் ஒன்று ஏழு ஒன்று

முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றும் ஈக்கோ
மஞ்சள் விளக்கோடு மூன்றாம் முறை வந்து நிற்கிறது.
ஸ்கேனரைச் செருகினால் அதே எண்.
காற்று மிகுதி, பெட்ரோல் போதவில்லை.

முதல் முறை அழித்து அனுப்பினேன்.
பெண்ணையாற்றுப் பாலம்வரை தாங்கியது.
அடுத்த முறை ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினேன்,
நாலாயிரத்து இருநூறு.
தைரியநாதன் பேசாமல் எண்ணிக் கொடுத்தார்.
நோட்டுகளில் வஞ்சிர வாடை.

இன்று பானெட்டைத் திறந்து
எதையும் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.
எங்கோ மெல்லிய சீழ்க்கை.
சோப்புத் தண்ணீர் தெளித்தபடியே போனேன்.
மேனிஃபோல்டுக்குப் பின்னால்
கை நுழையாத இடத்தில்
சத்தம் நின்றது.

விரல் நீள வாக்குவம் குழாய்.
மீன் வாடைக்கு ஏறிய எலி
ரப்பரைத் தின்றிருக்கிறது.

உள்ளதைச் சொன்ன சென்சாரை அல்லவா
கழற்றி டிராயரில் போட்டிருந்தேன்.
துடைத்துத் திரும்பப் பூட்டினேன்.
புதியதைக் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான்.

குழாய் தொண்ணூறு ரூபாய்.
அந்த நாலாயிரத்து இருநூறை
எப்படிப் பேச்சில் எடுப்பது என்று
கழுவிய கையையே கழுவிக்கொண்டு நிற்கிறேன்.

வெளியே
விளக்கு அணைந்த வண்டியில் உட்கார்ந்து
அவர் ஹார்ன் அடித்துப் பார்க்கிறார்,
சும்மா.