அவரவர் வால்வு

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு இரண்டு மணி.
எதிர்ப் பட்டறையின் பிரஸ் மெஷின்கூட ஓய்ந்துவிட்டது.
மேசைமேல் மூடி கழற்றிய மருந்து பம்ப்.
சொட்டுச் சொட்டாக ஜாரில் இறங்கும் தண்ணீரை
ஷமீனா அளந்துகொண்டிருக்கிறாள்.
அவள் நோட்டில் இருப்பது:
பதினோரு முறை அலாரம் அடித்தது.
பன்னிரண்டாம் முறை பாட்டில் காலி, சத்தம் இல்லை.

சிப்புக்குள் டைமர்கள் மூன்று.
ஒன்று மோட்டாருக்குப் போயிற்று.
ஒன்றை வயர்லெஸ்காரர்கள்
யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.
மிச்சமிருந்த ஒன்றில்தான் மற்ற எல்லோரும் குடித்தனம்:
திரை, பேட்டரி, பொத்தான், அலாரம்.

மில்லி செகண்டுக்கு ஒரு துடிப்பு.
ஒவ்வொரு துடிப்பும்
வரிசையின் தலையில் நிற்பவனிடம் மட்டும்
ஒன்றைக் கழிக்கும்.
பின்னால் நிற்பவர்களுக்கு மணி என்னவென்று தெரியாது.
முன்னவன் போன பிறகு தனக்கு எவ்வளவு பாக்கி,
அது மட்டும் தெரியும்.
ஏழு. அதற்குப் பின் நாற்பது. அதற்குப் பின் பூஜ்யம்.
பூஜ்யம் என்றால்
முன்னவன் கையைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம்.
நடுவில் ஒருவன் விலகினால்
அவன் பாக்கியை அடுத்தவன் கணக்கில் ஏற்ற வேண்டும்.
இதையெல்லாம் எழுதி முடித்த அன்று
எனக்கு நானே ஒரு ஸ்பெஷல் டீ வாங்கிக்கொண்டேன்.

பிறகு எதை மறந்தேன்?

கொரட்டூரில் நான் குடியிருக்கும் வீட்டில்
ஐந்து போர்ஷன், ஒரே மோட்டார்.
மொட்டை மாடியில் ஐந்து தொட்டி, ஐந்து வால்வு.
சுவிட்ச் மட்டும் மாடிப்படிக்குக் கீழே
எல்லோர் கைக்கும் எட்டும்படி.
போன மே மாதம் தேவசகாயம் சார்
தன் தொட்டி வழிவதைப் பார்த்துவிட்டு
பொறுப்பாக இறங்கி வந்து அணைத்துவிட்டுப் போனார்.
பின்போர்ஷன் அமிர்தகௌரி
தலை நிறையச் சீயக்காயோடு போட்ட சத்தம்
ரயில்வே கேட் வரை கேட்டது.
“வீணாப் போகக் கூடாதேன்னுதாம்மா.”
அவர் சொன்னது பொய்யில்லை.
மூடியிருக்க வேண்டியது அவருடைய வால்வை.
அவ்வளவுதான்.

ஷமீனாவிடம் கேட்டேன்:
பன்னிரண்டாம் முறை மட்டும் என்ன செய்தாய்?
“ஒண்ணும் செய்யல சார். டீ குடிக்கப் போயிருந்தேன்.”

ஒன்றும் செய்யவில்லை.
மற்ற பதினோரு முறையும்
எதையோ பார்க்க, எதையோ சரிபார்க்க
அவள் விரல் பொத்தானைத் தொட்டிருக்கிறது.
நின்றுபோன துடிப்பு
அந்தத் தொடுதலில் மறுபடி ஓடியிருக்கிறது.
வார்டில் இரவு மூன்று மணிக்கு
அதை யார் தொடப் போகிறார்கள்?

தேடினேன். இருந்தது.
முப்பது நொடி யாரும் தொடாவிட்டால்
திரையை மங்கலாக்கு.
அடுத்த வரி: டைமரை நிறுத்து.
பக்கத்தில் ஒரு குறிப்பு: பேட்டரி மிச்சமாகும்.
அதன் பக்கத்தில் ஒரு தேதி,
பிறகு என் இனிஷியல்.

வீணாப் போகக் கூடாதேன்னுதான்.

அந்த வரியை அடித்தேன்.
நிறுத்தும் உரிமையை யாரிடமும் விடவில்லை.
வருகிறவன் எண்ணிக்கையில் ஒன்று கூட்டட்டும்,
போகிறவன் ஒன்று கழித்துவிட்டுப் போகட்டும்.
கூட்டுகிற, கழிக்கிற அந்தக் கணத்துக்கு மட்டும்
கதவைச் சாத்தித் தாழிடு.
இரண்டு பேர் ஒன்றாய்க் கை வைத்தால்
கணக்கு தப்பும்.
பூஜ்யம் வந்தால் அது தானே தூங்கும்.
அலாரம் காத்திருக்கும் வரை பூஜ்யம் வராது.

புது பாட்டில் மாட்டினோம்.
ஷமீனா இரண்டு கைகளையும்
தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள்.
நான் ஜன்னலோரம் தள்ளி நின்றேன்.
திரை மங்கியது.
பால் வண்டி ஒன்று எஸ்டேட் ரோட்டில் போயிற்று.
ஜாரில் கடைசிச் சொட்டு விழுந்தது.
அப்புறம் கொஞ்ச நேரம்
ஒன்றுமே இல்லை.

அடித்தது.

எதிர்ப் பட்டறை வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடி வரும்வரை
நாங்கள் இருவருமே அதை அணைக்கவில்லை.