பாக்கி ஏழு

சிறுகதைக்கு முரண் வேண்டும் என்று
அல்சூர்ப் பயிலரங்கில் குறித்துக்கொண்ட தாள்
சட்டைப்பையில்.
335ஈ. மாரத்தஹள்ளி பாலத்தடியில் மழை.
களம், சரி.

கண்டக்டர் மஞ்சப்பா
டிக்கெட்டின் முதுகில் பேனாவால் 7 என்று கிறுக்கி
"ஆமேலே, சார்" என்றார்.
முரண் அவ்வளவுதான்:
அவரிடம் சில்லறை இல்லை,
எனக்குக் கன்னடத்தில் கேட்கக் கூச்சம்.

குந்தலஹள்ளி கேட்.
பையைத் துழாவினார்,
பின்சீட்டு மாணவனிடம் கைமாற்று வாங்கினார்.
ஐந்து, ஒன்று.
இன்னொரு ரூபாய்க்கு அவர் குனிந்தபோது
நான் இறங்கிவிட்டேன்.

பஸ் நகர்ந்தது.
சில்லறையோடு ஜன்னலுக்கு வெளியே நீண்ட கை
கண்மறையும் வரை உள்ளே போகவில்லை.
அதுவரை
கதாநாயகன் நான்தான் என்று நினைத்திருந்தேன்.

தாளில் 'முடிவு' என்று எழுதியதன் கீழே
அந்த டிக்கெட்டை ஒட்டி வைத்திருக்கிறேன்,
முதுகு தெரியும்படி.