சரியாகக் கேட்கவில்லை

என் வழக்கு நான்கு நிமிடம் நடந்தது.
அதில் ஒரு நிமிடம்
வீட்டுக்காரரின் வக்கீல் கண்ணாடியைத் தேடினார்.
"சொல்ல ஏதும் உண்டா, மிஸ் ஓக்லி?"
வினி என் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.
உண்டு என்றேன்.
அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூலையில் ஒருத்தி
சத்தம் எழாத சின்னப் பொறியில்
விரல் பதித்துக்கொண்டிருந்தாள்.
அந்த அறையில் என் "உண்டு"
அவள் காதில் மட்டும்தான் விழுந்தது.

அக்கா எங்களைப் பதினோரு நாள் வைத்திருந்தாள்.
குறை சொல்ல மாட்டேன்.
அப்புறம் பழைய பியூக் கார்,
பின்கதவு ஒன்று திறக்காது.
கிளீவ்லாந்தின் ஏரிக்காற்றுக்கு
எந்தக் கதவு திறக்கும் என்ற கணக்கே இல்லை,
எல்லாவற்றிலும் வரும்.

இரவுகளில் மருத்துவமனையின் வாகன நிறுத்தம்.
யாருக்கோ துணை இருக்கிறோம் என்று
காவலாளி நினைத்துக்கொண்டார்.
"இப்போது எப்படி இருக்கிறார்?" என்று ஒருநாள் கேட்டார்.
"தேறி வருகிறார்" என்றேன்.
மறுநாளும் கேட்டார்.

செருகுவதற்குச் சுவரே இல்லாத மைக்ரோவேவை விற்று,
சலவைக்கூடத்தில் மடித்த துணிகளின் கூலியையும் சேர்த்து
அந்தப் பொறியை வாங்கினேன்.
எத்தனையாவது கையோ.
அதில் எழுத்து கிடையாது, ஒலிதான்.
உயிரும் மெய்யும்
ஒரே அமுக்கில் சேர்ந்து விழ வேண்டும்.
எனக்கு அப்போது
வேறெங்கும் அவை சேர்ந்திருக்கவில்லை.

ரேடியோ போட்டால் பேட்டரி செத்துவிடும்.
ஆகவே வினிதான் எனக்கு வாசித்தாள்.
ஓட்ஸ் டப்பாவின் பின்பக்கம்,
அபராதச் சீட்டு,
சளி மருந்தின் எச்சரிக்கைகள்.
ஏழு வயது. திக்கித் திக்கி.
அவளுக்கு வாய் ஓட ஓட
எனக்கு விரல் ஓடியது.
தூங்கிய பிறகு அவள் உளறியதையும்
அடித்து வைத்தேன்:
"அது என் பச்சை சாக்ஸ்."

முதல் தேர்வில் தோற்றேன்.
இரண்டாவதின்போது அவளுக்குக் காய்ச்சல்.
மூன்றாவதில் நான்கே சொல் குறைந்தது.
நான்காவதைப் பற்றி அதிகம் நினைவில்லை,
கை வியர்த்தது, வெளியே பனி.

இரண்டாம் மாடியில் ஓர் அறை கிடைத்தது.
வெந்நீர்க் குழாய் இரவெல்லாம் தட்டும்.
கட்டிலில் கால்நீட்டத் தெரியாமல்
வினி மூன்று வாரம் சுருண்டே படுத்தாள்.

இப்போது செவ்வாய்தோறும்
எனக்கு அதே நீதிமன்ற அறை,
அதே வெளியேற்ற வழக்குகள்,
மூலை மட்டும் வேறு.
நான் பேசக் கூடாது. முகத்தைக் காட்டக் கூடாது.
சொன்னதைச் சொன்னபடி.

இன்று ஒரு தகப்பன்.
இரண்டு பையன்கள், மூவருக்குமாக ஒரு பை.
"சொல்ல ஏதும் உண்டா, மிஸ்டர் ப்ரூவிட்?"
"வந்து..." என்றார்.
நீதிபதியின் கை அடுத்த கோப்புக்குப் போயிற்று.

இந்த வேலையில் எனக்கு
ஒரே ஒரு வாக்கியம் அனுமதி.
கையை உயர்த்தினேன்.
"மன்னிக்கவும், சரியாகக் கேட்கவில்லை.
அவரை மறுபடியும் சொல்லச் சொல்லுங்கள்."

காது நன்றாகத்தான் கேட்டது.

கோப்பு பாதியில் நின்றது.
சின்னவன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.
அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.
விரல்களைப் பொறியின் மேல் வைத்தேன்.