பதினேழாம் எண் சாவடி

முதலில் என் கேள்வி
ஊர் அகலத்துக்கு இருந்தது:
"உலான்பாதரில் தண்ணீரும் ஏற்றத்தாழ்வும்."
திரும்பி வந்த தாளின் ஓரத்தில்
சிவப்பில் ஒரே சொல்: எங்கே?

எங்கே என்று தேடிப்
பேருந்து தீரும் இடம்வரை போனேன்.
சிங்கெல்தேய் மலைச்சரிவு,
நீலத் தகரத்தில் ஒரு தண்ணீர்ச் சாவடி,
கையகல ஜன்னல், வெளியே ஒரு ரப்பர் குழாய்.
கேள்வி இளைத்துக் குழாயளவு ஆனது:
யார் வருகிறார்கள்,
வந்துபோக எவ்வளவு நேரம்.

கால அட்டவணையில் எல்லாம் இருந்தது,
குளிர் இல்லை.
மைனஸ் இருபத்தெட்டில்
முதல் விடையிலேயே பேனா உறைந்தது.
மறுநாள் பென்சில்.
அதற்கும் மறுநாள்
கையுறையின் நுனிகளைக் கத்தரித்தேன்.
ஆய்வுமுறை அத்தியாயத்தில் இதற்கு இடமில்லை.

பெரியவர்கள் நாற்பத்தொரு பேர் பேசினார்கள்.
எத்தனை நிமிடம் ஆகும்?
"கஞ்சூரின் நாயைக் கட்டியிருந்தால் பன்னிரண்டு.
அவிழ்த்துவிட்டிருந்தால் சுற்றித்தான் போகணும்."
படிவத்தில் நாய்க்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: நாய்.
அப்புறம் ஒன்பது பேரிடம் அதே நாய்.

பெண்களே சுமக்கிறார்கள் என்று
டிசம்பரிலேயே எழுதி வைத்திருந்தேன்,
முன்னுரையும்கூட, கொஞ்சம் கோபமாக.
வந்ததில் பாதிக்குமேல் பையன்கள்.
பத்து வயது, பதினொன்று,
இரும்பு வண்டியில் கேனைக் கட்டி
அதன்மேல் தாங்களும் தொற்றிக்கொண்டு
பனியில் வழுக்கிப் போகிறவர்கள்.
அம்மாக்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

பதினெட்டுக்குக் கீழே என்றால்
பெற்றோர் கையெழுத்து வேண்டும்.
நெறிமுறைக் குழுவின் கடிதம்
என் பையிலேயே இருந்தது, நான்காவது பத்தி.
அது சரியான விதி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.
அதனால் பையன்களைக் கேட்கவில்லை,
கோடு போட்டேன்.
நான்கு நேர்கோடு, குறுக்கே ஒன்று.
இருநூற்றுப் பன்னிரண்டு.

கடைசி நாள் ஒருவன் வண்டியை நிறுத்தினான்,
இமைமயிரில் வெள்ளையாய்ப் பனி.
"எல்லாரையும் கேட்கிறீங்க, என்னைக் கேட்கலையே?"
கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.
கேட்டுக்கொண்டான்.
"பதினொரு நாள் வந்தீங்க," என்றான்,
"ஒரு நாளும் கேன் கொண்டுவரலை."

ஏப்ரல் முழுக்க விடுதியறையில்
எண்கள் கட்டங்களுக்குள் போக மறுத்தன.
தூரத்துக்கும் நேரத்துக்கும் நான் எதிர்பார்த்த உறவு
கணக்கில் வரவேயில்லை.
அறைத்தோழி உயாங்கா சொன்னாள்:
"நாயைப் போட்டுப் பார்."
விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.
போட்டேன். வந்தது.

சமர்ப்பிக்க இரண்டு மணிநேரம் இருக்கையில்
மேற்கோள் பட்டியலில் காற்புள்ளிகளைத் துரத்திக்கொண்டிருந்தேன்.
"ஆய்வின் வரம்புகள்" மட்டும் பாக்கி.
மாதிரி சிறியது என்று எழுதினேன்.
ஒரே பருவம், ஒரே சாவடி.
அதிகம் சுமப்பவர்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை.
பிறகு அதற்கு அடிக்குறிப்பு ஒன்று,
இந்தத் தாளில் எனக்குப் பிடித்த ஒரே வாக்கியம்:

ஆய்வாளரும் எண்ணப்பட்டார்.
பதினொரு நாள், கேன் இல்லை.