ஒப்படைப்புப் பட்டியல்

என் கழுத்து நாடா மஞ்சள்.
அவர்களுடையது நீலம்.
வாசல் எந்திரத்துக்கு நிறம் தெரியாது,
யார் அட்டையைக் காட்டினாலும் ஒரே கீச்சொலியோடு திறக்கும்.

காரைக்குடி நூறடி ரோட்டில் நாலு மாடி.
கட்டடம் கோட்டையூர்க்காரருடையது, அவர் இருப்பது பினாங்கில்.
வாடகைக்கு எடுத்தது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி.
அதன் விளக்கு, குழாய், ஏசி, எறும்பு வரைக்கும்
பொறுப்பேற்றது சென்னையில் இன்னொரு கம்பெனி.
அந்தக் கம்பெனிக்கு இங்கே திட்டுவாங்க ஒரு முகம் வேண்டுமே,
அது நான்.
தேவகோட்டை ரஸ்தா ஜெசிந்தா.
மெயில்களில் மட்டும் 'வெண்டார் டீம்'.

10.12க்கு ஒரு டிக்கெட்: மூன்றாம் மாடியில் குளிர்கிறது.
10.15க்கு அடுத்த நாற்காலியிலிருந்து: வேகிறது.
நாலு மணி நேரத்துக்குள் இரண்டையும் மூடியாக வேண்டும்.
முத்துக்காமாட்சி ஏணியோடு போவான்,
ஏசியின் முகத்தைக் கழற்றுவான்,
உள்ளே எதையோ உற்றுப் பார்ப்பான்,
திரும்ப மாட்டிவிட்டு இறங்குவான்.
இருவரும் சொல்வார்கள், இப்ப பரவாயில்லை.

சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊரில்
கேன் தண்ணீர் வாசனையடிக்கிறதென்று
வயிரவன் சாருக்கு பதினாறு மெயில் விளக்கம் எழுதியிருக்கிறேன்.
'தங்கள் மேலான கவனத்திற்கு' என்று தொடங்கி.

குடும்ப தினத்தன்று
மேடை போட்டது நாங்கள், மைக் சரிபார்த்தது நாங்கள்,
கந்தரப்பம் எண்ணி வாங்கியதும்.
எல்லாரும் வாங்க, குரூப் போட்டோ, என்றார்கள்.
போனேன்.
என் கையில் கேமராவைக் கொடுத்தார்கள்.
கோபம் என்று சொல்ல முடியாது.
படம் நன்றாகவே வந்தது.

சதுர அடிக்கு பதினோரு பைசா
குறைத்துக் கேட்டதாம் வேறொரு கம்பெனி.
எங்களுக்குத் தெரிந்தது ஒரு புதன்கிழமை மதியம்,
டீசல் லாரிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது.

புதியவர்கள் நல்லவர்கள்தான்.
"நீங்களே தொடருங்கள், கட்டடம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றார்கள்.
ராஜினாமா ஒரு தாள், சேர்க்கை ஒரு தாள்.
கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் வேண்டும்.
எனக்கு நாலு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது.
இனி ஒன்றிலிருந்து.
பூமயிலுக்கு இப்படி மூன்றாவது தடவை.
அவள் சட்டையின் அளவை மட்டும் கேட்டாள்.
போன கம்பெனி சட்டை அக்குளில் பிடித்ததாம்.

வெள்ளிக்கிழமை மாலை பட்டியல் எழுதினேன்.
தீயணைப்பான் முப்பத்தெட்டு.
சாவி நூற்றுநாலு, பூட்டுத் தெரியாத சாவி ஒன்பது.
ஜெனரேட்டர் ஒன்று, இரண்டாம் முறைதான் கிளம்பும்.
நாற்காலி நானூற்றுப் பதினொன்று.
கீழே, 'ஒப்படைத்தேன்', ஜெசிந்தா.

திங்கள் காலை
வேறு சட்டையில், இன்னும் மடிப்பு கலையாத காலரோடு
அதே பட்டியலை அதே மேஜையில் விரித்தார்கள்.
ஒரு மணி நேரம் மாடி மாடியாக ஏறி
நான் எண்ணியதை நானே சரிபார்த்தேன்.
'பெற்றுக்கொண்டேன்', ஜெசிந்தா.
இரண்டு கையெழுத்துக்கும் நடுவே
பேனாவின் மை மட்டும் மாறியிருந்தது.

நாற்காலி உண்மையில் நானூற்றுப் பன்னிரண்டு.
மாடிப்படிக்கு அடியில்,
துடைப்பங்களுக்கு நடுவே, ஒரு கை ஒடிந்தது.
நாலு மணிக்கு டீயை ஆற்றிக்கொண்டு
பூமயில் காலை நீட்டி உட்காருவாள்.
கொடுக்கும்போதும் அதை எழுதவில்லை.
வாங்கும்போதும் எழுதவில்லை.