பத்தாம் தேதி வரை

உறை வாங்கியது நவம்பர் பதினான்கு,
ரயிலடிக் கடையில், நூற்றுப்பத்து யென்.
வெள்ளை. அஞ்சல் எண் கட்டங்கள் இல்லாதது.
விலகல் கடிதத்துக்கு அதுதான் முறை.
கறுப்பு மை, மேலிருந்து கீழாக எழுத்து,
'சொந்தக் காரணங்களால்' என்ற சொற்கள்.
பதினோரு வருடத்துக் காரணங்களும்
அதற்குள் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டன.
தேதி மட்டும் போடவில்லை.

குஷிரோ துறைமுகத்தில் குளிர்கிடங்கு.
உள்ளே மைனஸ் இருபத்தைந்து, வெளியே மைனஸ் ஆறு.
மதியம் கதவைத் தள்ளி வெளியே வந்தால்
கோடை வந்துவிட்டது போலிருக்கும்.
மீன் பெட்டிகளை எண்ணுவது என் வேலை:
வந்தது, போனது, இருப்பு.
எனக்கு இருபத்தாறு நாள்
ஒரு கணக்கா?

போனஸ் டிசம்பர் பத்து.
விதிப்புத்தகம் பக்கம் முப்பத்தொன்று:
அன்றைக்குப் பட்டியலில் பெயர் இருப்பவருக்கு மட்டும்.
எந்தப் பக்கத்திலும் இல்லாத விதி:
போகிறவள் என்று தெரிந்தால்
மதிப்பீட்டில் பி என்பது சி ஆகிவிடும்.
போன கோடையில் நொஸாவாவுக்கு ஆனது.
மூன்று நாள் முந்திவிட்டான்.
நாளுக்கு முப்பதாயிரம் யென்.

பொறுத்தவர் பூமி ஆள்வாராம்.
எனக்குப் பூமி வேண்டாம்.
நான்கு பனி டயர்,
ஒபிஹிரோவில் ஓர் அறைக்கு முன்பணம்.
ஜனவரி பன்னிரண்டில் சேரச் சொல்லியிருக்கிறார்கள்,
கன்றுகளும் பூனைகளும் வருகிற மருத்துவமனை.
இனி எண்ணப்போகிறவை
மூச்சு விடும்.

அந்த நாட்களில் நான் இருந்த மாதிரி
பதினோரு வருடத்தில் இருந்ததில்லை.
எல்லோருக்கும் முன்னால் வந்து விளக்கைப் போட்டேன்.
யாரும் தொடாத அச்சு இயந்திரத்துக்கு மை மாற்றினேன்.
ஏப்ரல் திட்டக் கூட்டத்தில் தலையாட்டினேன்,
ஒரு யோசனைகூடச் சொன்னேன்.
நல்ல யோசனை.
அதுதான் உறுத்தியது.

டிசம்பர் ஐந்து. சரக்கு மேடையில்
கனத்த கோட்டைக் கழற்றும்போது
உள்பையிலிருந்து உறையின் முனை எட்டிப் பார்த்தது.
பிரிவுத் தலைவர் குமகாய்
கையில் இரண்டு காபி டின்களோடு நின்றிருந்தார்.
பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.
"டிசம்பர் பிறந்தால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும்," என்றார்.
"பதினொன்றாம் தேதிதான் திறக்கும்.
வருஷா வருஷம்."
ஒரு டின்னை என்னிடம் நீட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
மூன்று வருடம் முன்பு, காய்ச்சலில் நடுங்கியவளை
மொத்த இருப்பையும் மறுபடி எண்ண வைத்தவர் இவர்தான்.
முதல் எண்ணிக்கையே சரியாக இருந்தது.
நான் கிளம்பக் காரணமானவர்களில் இவரும் உண்டு.
ஒரு டின் காபியில் அதை மறந்துவிடுவேனோ என்று
எழுந்து உட்கார்ந்து
திரும்பத் திரும்ப நினைவுபடுத்திக்கொண்டேன்.

பத்தாம் தேதி காலை ஒன்பது மணி,
கழிப்பறைக்குள் செல்பேசியைத் திறந்தேன்.
வந்திருந்தது.
போன வருடத்தைவிடப் பன்னிரண்டாயிரம் குறைவு.
இதற்காகவா அந்த நல்ல யோசனை?
பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு பெருமூச்சு.
கை கழுவுமிடத்தில் ஷிஹோவும் நானும்
ஒருவர் காலணியை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் உறையை இரண்டு கையாலும் நீட்டினேன்.
குமகாய் பிரித்துப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.
"தேதி இல்லையே."
தன் பேனாவைத் தந்தார்.
அவர் மை கொஞ்சம் நீலம்.
டிசம்பர் பதினொன்று என்று எழுதினேன்,
என் கறுப்புக்குப் பக்கத்தில்
வேறு யாரோ எழுதியது போல.
உறையை வைக்க அவர் இழுப்பறையைத் திறந்தபோது
உள்ளே ஏற்கெனவே இரண்டு வெள்ளை உறைகள்.
ஒன்று பழையது, ஓரம் மஞ்சளேறியது.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
அவரும் அவசரமாக மூடவில்லை.

கீழே ஒரு லாரி
பின்புறமாக வந்துகொண்டிருந்தது.
சீட்டில் நாற்பது பெட்டி.
எண்ணினேன், முப்பத்தொன்பது.
எனக்கென்ன, இன்னும் ஒரு மாதம்தானே.
கையுறையை மாட்டிக்கொண்டு
மறுபடி எண்ணினேன்.