ஆறு வாரம் பின்னிருக்கையில்

ஊபியில் வாங்கும்போதே
சில குறைகளைத் தெரிந்துதான் வாங்கினோம்.
கூரையில் சாயம் உரிந்து
தேமல் படர்ந்திருந்தது.
ஏசி போட்டால் முதல் இரண்டு நிமிடம்
காயாத துணியின் வாடை.
சிஓஇ இன்னும் நான்கு வருடம் ஏழு மாதம்.
ஒரு காரின் ஆயுளை இந்த ஊரில்
இன்ஜின் முடிவு செய்வதில்லை.

தெரியாமல் வாங்கியவை
பிறகு ஒவ்வொன்றாய் அறிமுகமாயின.
பிஐஇ நெரிசலில் ஊர்ந்தால்
அடிவயிற்றிலிருந்து ஒரு குலுக்கல்,
விக்கல் எடுத்தவன்
தண்ணீர் கேட்கத் தயங்குவதுபோல.
டிசம்பர் மழைக்கு
ஸ்பேர் டயர் குழியில் நாலு விரல் தண்ணீர்.
அதில் மிதந்தது யார் வீட்டுப் பிள்ளையின்
ஒற்றைச் செருப்போ.
வெயிலில் நிறுத்தினால் டாஷ்போர்டு
பலாப்பிசினாய் விரலில் ஒட்டும்.

சின் மிங் மெக்கானிக் கோ
எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்:
"இந்த மாடல் எல்லாம் அப்படித்தான் லா."
அதிலும் ஓர் ஆறுதல்.
நம் வீட்டுச் சண்டையே
மேல்மாடியிலும் நடக்கிறது என்பதுபோல.

பதினோராம் மாதம்
தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.
சியா பெங் லியோங். முந்தைய சொந்தக்காரர்.
கம்பெனிக் கடிதம் அவர் வீட்டுக்கே போயிருக்கிறது.
வியாபாரியிடம் மூன்று தடவை நடந்து
என் எண்ணை வாங்கியிருக்கிறார்.
"இடது பக்கக் காற்றுப்பை. வெடித்தால்
இரும்புத் துண்டு பறக்குமாம்.
மனைவியை முன்னால் உட்கார வைக்காதே."
கொஞ்சம் மௌனம். பிறகு,
"கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது?"
குலுங்குகிறது என்றேன்.
"தெரியும்" என்றார். "சாரி."

குலுக்கலை மறைத்து விற்றவர்
இதை மறைக்கவில்லை.
எதை எதுவரை மறைக்கலாம் என்று
அவரிடம் ஒரு கணக்கு இருந்தது.
நான் லிப்ட் பழுது பார்ப்பவன்.
'பராமரிப்பில் உள்ளது' அட்டையை
மாட்டிய கதவுகளும் உண்டு,
நாளைக்குப் பார்க்கலாம் என்று
மாட்டாமல் வந்தவையும் உண்டு.
அவரைத் திட்ட வாய் வரவில்லை.

உதிரிபாகம் வர ஆறு வாரம் என்றார்கள்.
இளமதி பின்னால் ஏறினாள்.
"டாக்சி அண்ணே, செங்காங் ஆஸ்பத்திரி."
முதல் நாள் இருவருமே சிரித்தோம்.

பதினான்கு வருடம்
பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சாலையைப் பார்த்தோம்.
இப்போது கண்ணாடியில் அவள்,
உள்ளங்கை அகலத்துக்கு.
வேலைக்குப் போகும் வழியில்
கண்ணை மூடி உதட்டால் எதையோ எண்ணுகிறாள்.
எப்போதிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வாரம் என் பிடரியைப் பார்த்துப்
பேச ஆரம்பித்தாள்.
முகம் இல்லாவிட்டால் சொல்வது சுலபம் போல.
"இந்தக் காரே வேண்டாம்னு சொல்ல வந்தேன் அன்னிக்கு.
நீ அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுட்ட."
இன்னொரு நாள், கல்லாங் மேம்பாலத்தில்:
"நீ சிக்னல் போடாமலே திரும்பற."
எங்கே, போட்டேனே என்றேன்.
"ரோட்டில இல்ல."

குலுங்கிக்கொண்டே கடந்தோம்.

மாற்றுவதற்கு நாற்பது நிமிடம்.
இலவசம். ஒரு கையெழுத்து.
கியர்பாக்ஸையும் கேட்டுப் பார்த்தேன்,
அது பட்டியலில் இல்லையாம்.

வெளியே வந்தவள்
இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு நொடி நின்றாள்.
பையைப் பின்னால் போட்டாள்,
முன்னால் ஏறினாள்.
டாஷ்போர்டில் கை வைத்து எடுத்து
"இன்னும் ஒட்டுது" என்றாள்.

சாவியைத் திருகவில்லை நான்.
முதலில் ஒன்று சொல்லணும் என்றேன்.
எனக்கே தெரியாமல் என் இடது கை
சிக்னல் தண்டைத் தட்டியிருந்தது.
நின்ற வண்டியில் அது
டிக், டிக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.